அத்தியாயம் 7: ஒன்பதாவது பெயர்

உலகத்தில் எத்தனையோ கூட்டங்கள் நாற்காலி போட்டு நடக்கின்றன. இருளப்பன் வீட்டுக் கூட்டம் நின்றுகொண்டே நடக்கும். காலை நான்கே முக்காலுக்கு, சமையலறைத் தொட்டி ஓரத்தில்.

உட்கார்ந்தால் பேச்சு நீளும் என்பது மூத்தவள் லோகேஸ்வரியின் கொள்கை. பினாங்கில் இணையத்தளம் செய்யும் கம்பெனியில் மூன்று வருடம் இருந்தவள், இப்போது அதே வேலையைக் கூலிம் வீட்டிலிருந்து செய்கிறாள். கம்பெனிப் பழக்கத்தையும் பெட்டியோடு கொண்டுவந்துவிட்டாள்.

"நேத்து என்ன செஞ்சீங்க, இன்னிக்கு என்ன செய்யப் போறீங்க, உங்களை என்ன தடுக்குது? மூணே கேள்வி. அம்மா, நீங்க சொல்லுங்க."

குணசுந்தரி பள்ளிக் கண்டீனில் விற்க மீ நூடுல்ஸ் பிரட்டிக்கொண்டிருந்தாள்.

"நேத்து மீ பெரட்டினேன். இன்னிக்கும் மீ பெரட்டுறேன். நீங்கள்லாம் அடுப்புகிட்ட நின்னு தடுக்குறீங்க."

லோகேஸ்வரி அதையும் குறித்துக்கொண்டாள்.

இந்தக் குடும்பம் ஏன் விடியுமுன் தொட்டியோரம் நிற்கிறது என்பது ஆறு வாரமாகக் கூட வருகிறவர்களுக்குத் தெரியும். இன்றுதான் ஏறியவர்கள் ஓரமாக உட்காருங்கள். சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

இருளப்பன் பதினொரு வருடமாகக் கரங்கான் பஸ் ஓட்டுகிறார். கரங்கான் முச்சந்தியான சிம்பாங்கில் காத்திருக்கும் எட்டுப் பேரை ஏற்றி, கூலிம் ஹைடெக் பார்க்கில் அவர்கள் வேலை செய்யும் கிலாங்கின், அதாவது தொழிற்சாலையின், வாசலில் காலை ஆறு ஐம்பதுக்கு இறக்கவேண்டும். இன்று யார் வருகிறார்கள் என்பதை அவருக்குச் சொல்வது மிஸ்டு கால். ஒருமுறை அடித்து நின்றால், வருகிறேன். அடிக்கவே இல்லையென்றால், லீவு. விடாமல் அடித்தால், அது பெரும்பாலும் இன்ஷூரன்ஸ் விற்கிற பெண்.

பஸ் கம்பெனி மேற்பார்வையாளர் ராமையாவுக்கு இது பிடிக்கவில்லை. டிரைவரின் கைப்பேசிக்குள் அடித்து நின்ற மணியை அவர் எந்தத் தாளில் எழுதுவது? ஆட்கள் ஏறுகிறார்களா என்றே தெரியாத ஊருக்குப் பஸ் எதற்கு? கரங்கான் வழியை நிறுத்திவிடலாம் என்றார். ஐம்பத்தெட்டு வயது டிரைவரை அதற்குப் பிறகு எங்கே நிறுத்துவது என்று அவர் சொல்லவில்லை.

அதனால்தான் அக்காவும் தம்பியும் ஓர் இணையப் பக்கம் செய்தார்கள். வருகிறோமா இல்லையா என்று பயணிகள் அதில் அமுக்குவார்கள். பெயர்கள் பஸ்ஸிலும் தெரியும், ராமையாவின் மேசையிலும் தெரியும். ஐந்து நாள் சோதனை. ஐந்து நாளும் பட்டியல் சரியாக இருந்து, பஸ்ஸும் நேரத்துக்குப் போனால் கரங்கான் வழி பிழைக்கும்.

திங்கள் முதல் வியாழன் வரை பிழைத்தது. இன்று வெள்ளி.

"தம்பி, நீ சொல்லு."

புவனேசன் கல்லூரியில் வடிவமைப்புப் படிப்பின் கடைசி வருடத்தில் இருக்கிறான். அந்தப் படிப்பின் பயனாக, எதைப் பார்த்தாலும் அதில் இன்னொன்றைச் சேர்க்கலாம் என்று அவனுக்குத் தோன்றும். முதல் நாளே அவன் பெரிய தாளில் வரைந்து வந்தவை: பஸ் நகரும் வரைபடம், பயணிகளின் படம், பிறந்தநாள் வாழ்த்து, பஸ்ஸைத் தவறவிட்டால் கண்ணீர் விடும் பொம்மை.

லோகேஸ்வரி எல்லாவற்றின் மேலும் கோடு போட்டாள்.

"மொதப் பதிப்புல ரெண்டே பட்டன். வரேன். வரலை. முடிஞ்சது."

"அசிங்கமா இருக்குலாக்கா."

"இருக்கட்டும். அழகா செஞ்சு குடுத்தா எல்லாரும் நல்லாருக்கு, நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. அசிங்கமா இருந்தாதான் வாயத் தொறந்து குறை சொல்லுவாங்க. அப்பதான் அவங்களுக்கு நெசமா என்ன வேணும்னு தெரியும்."

பக்கத்தின் அடியில் குறை எழுத ஒரு பெட்டியும் வைத்தாள். நான்கு நாளில் வந்தவை: எழுத்து சிறியதாக இருக்கிறது. பொத்தான் பெருவிரலுக்கு எட்டவில்லை. டிரைவர் அண்ணனை ரேடியோவோடு சேர்ந்து பாடவேண்டாம் என்று சொல்லுங்கள்.

மூன்றாவது குறையை மட்டும் அப்பாவிடம் காட்டவில்லை.

இன்னொரு விதியும் இருந்தது. அந்த இணையப் பக்கத்துக்கு இரண்டு நகல். ஒன்று வீட்டுக்குள் பழகிப்பார்க்க, மற்றது ஊருக்கு. எந்த மாற்றமும் முதலில் பழகுகிற நகலில்தான். ஒருவர் செய்ததை மற்றவர் பார்க்காமல் அது வாசலைத் தாண்டக்கூடாது.

"நேத்து கொஞ்சம் வேலை பாத்தேன்" என்றான் புவனேசன். "இன்னிக்குக் காட்டுறேன். ஒண்ணும் தடுக்கல."

இருளப்பன் கோப்பியைக் குடித்துவிட்டுச் சாவியை எடுத்தார். மூன்று கேள்விக்கும் அவர் இதுவரை சொல்லியிருக்கும் ஒரே பதில், "பஸ்ஸுக்கு நேரமாச்சு."

*

சிம்பாங்கில் எட்டுப் பேரும் ஏறிவிட்டார்கள். மணி ஐந்து ஐம்பத்திரண்டு. இருளப்பன் வழக்கம்போல் கைப்பேசியில் பட்டியலைச் சரிபார்த்தார். எட்டுப் பெயரும் இருந்தன.

ஒன்பதாவதாக ஒரு பெயர் இருந்தது.

மருதம்மாள். வரேன். ஏறும் இடம்: பழைய ரப்பர் ஸ்டோர் முனை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். பெயர் போகவில்லை.

மருதம்மாள் அவருடைய ஒரே தங்கை. ரப்பர் ஸ்டோர் முனையில்தான் வீடு. பேச்சு நின்று ஆறு வருடமாகிறது. அவள் மகள் கல்யாண அட்டையில் பெரியப்பாக்கள் இருந்தார்கள், சித்தப்பாக்கள் இருந்தார்கள், மண்டபத்துக்கு வழி காட்டும் படம்கூட இருந்தது. தாய்மாமன் பெயர் இல்லை. பெயர் எழுதிக் கொடுத்தேன் என்று அவள் சத்தியம் செய்தாள். அப்படியானால் அது எங்கே என்று இவர் கேட்டார். முந்நூறு அட்டையிலும் இல்லை. கல்யாணத்துக்கு இவர் போகவில்லை. மேடையில் மாமன் நிற்கவேண்டிய இடத்தைப் பார்த்தபடியே மகளை அனுப்பிவைத்ததாக அவள் ஊரெல்லாம் சொன்னாள்.

அட்டையை வடிவமைத்தவன் அப்போது பதினேழு வயதான புவனேசன். அத்தை கொடுத்ததை அப்படியே போட்டான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அவனும் இல்லையென்று சொல்லவில்லை.

கூலிமுக்கு வலது பக்கம் திரும்பவேண்டும். இருளப்பன் இடது பக்கம் திருப்பினார்.

டிரைவருக்குப் பின் இருக்கையில் இருந்த பிரிஜெட் தூக்கம் கலைந்து நிமிர்ந்தாள். கிலாங்கில் இருபது பேரை மேய்க்கிறவள். பஸ்ஸிலும் அந்தக் குரல் மாறாது.

"அண்ணே, கூலிம் அந்தப் பக்கம்லா."

"தெரியும்மா."

"பதினொரு வருஷமா ஓட்டுறீங்க, தெரியும்னுதான் நானும் நெனச்சேன்."

முனையில் யாரும் இல்லை. பழைய ஸ்டோரின் தகரமும் அதை ஒட்டி நான்கு வீடுகளும் இருந்தன. மூன்றாவது வீட்டுச் சமையலறையில் விளக்கு எரிந்தது. இருளப்பன் ஹாரன் அடிக்கவில்லை. இஞ்சினை நிறுத்தினார்.

"யாருக்கண்ணே நிக்கிறோம்?"

"பேரு இருக்கும்மா. பேரு இருந்தா நிக்கணும். அதான ரூல்?"

பதினொரு வருடத்தில் எவருக்காகவும் இரண்டு நிமிடத்துக்கு மேல் அவர் நின்றதில்லை. அன்று பதினெட்டு நிமிடம் நின்றார். ரேடியோவும் போடவில்லை. அதுதான் பயணிகளுக்கு அதிகம் பயமாக இருந்தது.

*

கூலிமில் லோகேஸ்வரி கணினியைத் திறந்தபோது குறைப் பெட்டியில் புதிதாக ஒன்று வந்திருந்தது. எழுதியது பிரிஜெட்.

"பஸ் ரப்பர் ஸ்டோர் முனையில நிக்குது. இஞ்சின் ஆஃப். டிரைவர் அண்ணன் கண்ணத் தொடைக்கிறாரு. தூசிங்கிறாரு. ஜன்னல் எல்லாம் மூடித்தான் இருக்கு."

அவள் இரண்டு முறை படித்தாள்.

"தம்பி, ரப்பர் ஸ்டோர் முனைக்கு பஸ் ஏன் போச்சு? நம்ம பக்கத்துல ஏறுற எடமே கெடையாதே."

புவனேசன் மைலோ கோப்பையைக் கீழே வைத்தான்.

"நேத்து சாயங்காலம் சேர்த்தேன். ஏறும் இடம். நீ மீட்டிங்ல இருந்த. பழகுற நகல்லதான்க்கா போட்டேன்."

லோகேஸ்வரி கணினியை அவன் பக்கம் திருப்பினாள். ஊர் பார்க்கிற நகல். ஒன்பது பெயர்கள்.

"இது எந்த நகல்?"

அவன் ஒன்பதாவது பெயரைப் படித்தான். ஊர் நகல்தான் என்று முகம் சொன்னது.

"சோதனைக்குப் பேரு வேணும்னா அபுன்னு போடு, முனியாண்டின்னு போடு. அத்தை பேர ஏன்டா போட்ட?"

"இந்த வீட்டுல யாரும் சொல்லாத பேருல்ல. உண்மையா ஒரு ஆளு அந்தப் பேர்ல வரவே மாட்டாங்கன்னு நெனச்சேன்."

"வரமாட்டாங்க. அதான் அப்பா நிக்கிறாரு."

அப்பாவை அழைத்தாள். வண்டியில் இருக்கும்போது அவர் எடுக்கமாட்டார், அது அவருடைய விதி. வேறு வழி தெரியாமல் அந்தப் பெயரை அழித்தாள். ஏறும் இடத்தையும் சேர்த்தே எடுத்துவிட்டாள்.

கரங்கானில் மணி ஆறு பன்னிரண்டு. இருளப்பனின் கையில் ஒன்பதாவது பெயர் மறைந்தது. அவர் மூன்றாவது வீட்டு விளக்கை ஒருமுறை பார்த்தார்.

"வரலைன்னு அமுக்கிட்டா" என்று சொல்லி, சாவியைத் திருகினார்.

பஸ் கிலாங் வாசலை அடைந்தபோது மணி ஏழு எட்டு.

*

ராமையா பத்து மணிக்கு லோகேஸ்வரியைப் போனில் கூப்பிட்டார். அவர் கத்துகிறவர் இல்லை. அவர் கோபப்பட்டால் சொற்களுக்கு இடையே இடைவெளி கூடும், அவ்வளவுதான்.

"பதினெட்டு நிமிஷம், பாப்பா."

"தெரியும் அங்கிள். தப்பு எங்கமேல..."

"இரு. பயணிங்ககிட்ட ஏன் லேட்டுன்னு கேட்டேன். எட்டுப் பேரையும் தனித்தனியா. ஒருத்தன் டயர் பஞ்சர்ங்கிறான். ஒருத்தன் மாடு குறுக்க வந்துச்சுங்கிறான். எத்தனை மாடுன்னேன். ஒரு இருபது இருக்கும்ங்கிறான். ஒரு பொண்ணு தனக்கு மயக்கம்னு சொல்லுது, பக்கத்து சீட்டுப் பொண்ணும் தனக்குத்தான் மயக்கம்ங்குது. பிரிஜெட்டு வெள்ளம்ங்கிறா. கரங்கான்ல மழை பேஞ்சு ஒரு வாரமாச்சு."

லோகேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கம்பெனியில் இரண்டு பேர் நிரலின் ஒரே வரியை ஒரே நேரத்தில் மாற்றினாலே, அதைச் சரிசெய்ய அரை நாள் போய்விடும். இங்கே எட்டுப் பேர் ஒரே காலையை எட்டு விதமாக மாற்றியிருந்தார்கள்.

"எல்லாரும் பேசி வச்சு ஒரே பொய்யச் சொல்லியிருந்தா, டிரைவர் சொல்லிக்குடுத்தாருன்னு முடிச்சிருப்பேன்" என்றார் ராமையா. "பேசி வைக்கத் தெரியல. ஆனா எட்டுப் பேரும் அந்த மனுஷனக் காப்பாத்தப் பாத்துருக்காங்க. நெசமா என்ன நடந்துச்சு?"

அவள் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அந்தப் பக்கம் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"நாளைக்கு சனிக்கிழமை ஓவர்டைம், பஸ் ஓடும். இன்னிக்கு நாளக் கழிச்சிட்டு நாளைய அஞ்சாவதா வச்சுக்கிறேன். ஒரு நிமிஷம் லேட்டுன்னாலும் திங்கள்லேர்ந்து கரங்கான் கெடையாது. அப்பாகிட்ட சொல்லிரு."

*

சாயங்காலம் ஆறு மணிக்கு அவசரக் கூட்டம் கூடியது. அதே தொட்டி. இந்த முறை இருளப்பன் சாவியைத் தேடவில்லை.

"அப்பா, மூணு கேள்வி" என்றாள் லோகேஸ்வரி, அடக்கமாக.

"நேத்து ஓட்டினேன். இன்னிக்கு ஒரு எடத்துல நின்னேன்." அவர் குழாயைப் பார்த்தபடி சொன்னார். "மூணாவது கேள்விக்கு ஆறு வருஷமாச்சும்மா. வீட்டு வாசல் வரைக்கும் போயி நின்னேன். விளக்கு எரியுது. வரேன்னு சொன்னவ, வரலைன்னு அமுக்கிட்டா."

"அத்தை அமுக்கலப்பா."

"பேரு போச்சேம்மா."

"நான்தான் அழிச்சேன். போட்டது தம்பி. அது சோதனைப் பேரு. அத்தைக்கு இதப் பத்தி ஒண்ணுமே தெரியாது."

இருளப்பன் மகனைப் பார்த்தார். திட்டு வருமென்று புவனேசன் தோளைக் குறுக்கிக்கொண்டான்.

"அப்ப அவ வரலைன்னு சொல்லல" என்றார் அப்பா.

"இல்லப்பா."

"அப்ப சரி." அவர் வீட்டுக்கு வந்ததிலிருந்து தொடாத கோப்பியை எடுத்துக் குடித்தார். ஆறிப்போயிருந்தது. அது அவருக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

அப்போது லோகேஸ்வரியின் கைப்பேசி ஒலித்தது. நாளைக்கான பட்டியலில் ஒவ்வொருவராக அமுக்கத் தொடங்கியிருந்தார்கள். அவள் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

"மறுபடியுமாடா?"

"என்னக்கா?"

"மருதம்மாள். வரேன்."

"நான் போடல! கம்ப்யூட்டரத் தொடவே இல்ல. அம்மாவக் கேளு, வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தேன்."

"உரிச்சான்" என்றாள் குணசுந்தரி. "கேவலமா உரிச்சான்."

குறைப் பெட்டியில் பிரிஜெட்டின் வரி ஒன்று காத்திருந்தது.

"ரப்பர் ஸ்டோர் முனை அக்கா என்னத் தேடி வந்தாங்க. பஸ் ஏன் நின்னுச்சுன்னு கேட்டாங்க. எனக்குத் தெரியாது, பட்டன அமுக்கிப் பாருங்கன்னு லிங்க் அனுப்பினேன்."

லோகேஸ்வரி அதை உரக்கப் படித்தாள்.

"அவளுக்குக் கிலாங்ல என்னம்மா வேலை?" என்றார் இருளப்பன். யாருக்கும் தெரியவில்லை. இரண்டே பொத்தான்தான் இருந்தது. எங்கே போகிறீர்கள் என்று கேட்கிற பொத்தான் இல்லை.

அப்பாவின் உதட்டில் சிரிப்பு போல ஏதோ ஒன்று வந்து போனதைப் புவனேசன் பார்த்தான். ஆறு வருடமாக அவன் பார்க்காதது அது.

"அடுத்து நீ" என்றாள் அக்கா. "நேத்து செஞ்சது எல்லாருக்கும் தெரியும். உன்ன என்ன தடுக்குது?"

ஒண்ணும் தடுக்கல என்று வழக்கமாகச் சொல்லும் பதில் அவன் வாய் வரை வந்தது.

"கல்யாண அட்டை" என்றான்.

குணசுந்தரியின் கரண்டி நின்றது.

"அத்தை உங்க பேரு குடுத்தாங்கப்பா. தாய்மாமன்னு போட்டு எழுதித்தான் குடுத்தாங்க. அப்பா பேருக்கு முன்னாடி திரு போடணுமா, வெறும் பேரா, அது எனக்குத் தெரியல. அந்த வரிய அப்புறம் போடலாம்னு விட்டுட்டு மத்ததச் செஞ்சு ஒரு ஃபைல் வச்சேன். மறுநாள் வரியப் போட்டு இன்னொரு ஃபைல் வச்சேன். அச்சகத்துக்கு மொத ஃபைல் போயிருச்சு. யாரும் சரிபாக்கல. அட்டை வந்தப்புறம்தான் பாத்தேன். நீங்க ரெண்டு பேரும் அதுக்குள்ள சண்டை போட ஆரம்பிச்சிட்டீங்க. இன்னிக்கு சொல்லலாம், நாளைக்கு சொல்லலாம்னு..."

வெங்காயம் உரித்த விரலாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

லோகேஸ்வரி எதையும் குறித்துக்கொள்ளவில்லை.

இருளப்பன் கேட்டார். "ரெண்டாவது ஃபைல் இருக்கா?"

இருந்தது. எதையும் அழிக்காத பையன். கைப்பேசியில் தேடி எடுத்துக் கொடுத்தான். அவர் அதைப் பெரிதாக்கி, கீழ் ஓரத்துக்கு நகர்த்தினார். தாய்மாமன்: திரு. இருளப்பன்.

அவர் அதை எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர் போல வெகுநேரம் பார்த்தார்.

"திருவே போட்டுட்டியா" என்றார்.

"ஆமாப்பா."

"நல்லாத்தான் இருக்கு." கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். "பொய் சொன்னாங்கிற பழிய ஆறு வருஷம் அவ தலையில வச்சிருந்தேன்டா. நீ சொன்னத நான் போயி அவகிட்ட சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும். நாளைக்கு அவளுக்குப் பக்கத்து சீட்டு காலியா இருக்கு. பஸ் லேட்டாகக் கூடாது. ஏறினப்புறம் சொல்லு."

அவர் படுக்கப் போய்விட்டார். குணசுந்தரி மகனைத் திட்ட வாயெடுத்து, பிறகு அவன் தட்டில் சோற்றைப் போட்டாள்.

லோகேஸ்வரி கைப்பேசியை அவன் முன் வைத்தாள். "அப்பா பஸ்ல யாரா இருந்தாலும் அமுக்கிட்டுத்தான் ஏறணும்."

அவன் தன் பெயரை எழுதினான். கீழே, அவனே அசிங்கமென்று சொன்ன அந்த இரண்டு பொத்தான்கள். வரேன். வரலை. இடையில் ஒரு பெருவிரல் அகலம்தான் இருந்தது.

விரலை அங்கேயே வைத்திருந்தான்.